குடும்பத்தைக் கரையேற்றிய பேனா – லூயிஸா மே ஆல்காட்

நம் இதழில் பெரும்பாலும் நம்மவர்களின் வாழ்க்கை வரலாறுகளே இடம்பெறுகின்றன. அது முறைதான். இந்த முறை ஒரு மாறுதலுக்காக அமெரிக்க எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுதட்டுமா என்று ஆசிரியர் குழுவைக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார்கள். அவர் பெயர் லூயிஸா மே ஆல்காட். பெயர் நினைவில்லாதவர்களுக்கும் ‘லிட்டில் விமன்’ என்ற நாவல் நினைவிருக்கும். கான்வென்டில் படித்த நம் பெண்களில் பலர் அதன் சுருக்கப் பதிப்பையாவது படித்திருப்பார்கள். நான்கு சகோதரிகளின் கதை. அதில் இரண்டாவது பெண் ஜோ. முன்கோபி, புத்தகப் புழு, எழுத்தாளராக வேண்டும் என்று துடிப்பவள்.

நான் மத்திய அரசின் கணக்குத் துறையில் 36 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகையால் இந்த அம்மையாரின் வாழ்க்கையில் என்னை முதலில் இழுத்தது அவருடைய இலக்கியம் அல்ல, அவருடைய கணக்குதான். எந்தக் கதைக்கு எத்தனை டாலர் வந்தது, தையல் வேலையில் எவ்வளவு, பாடம் சொல்லிக் கொடுத்ததில் எவ்வளவு என்று தன் நாட்குறிப்பில் வருடவாரியாக எழுதி வைத்தவர் அவர். அந்தப் பட்டியலே ஒரு குடும்பத்தின் சரித்திரம்.

1832-ம் ஆண்டு நவம்பர் 29-ம் தேதி பென்சில்வேனியா மாகாணத்தில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் லூயிஸா பிறந்தார். அவருடைய தந்தை ஏமஸ் பிரான்சன் ஆல்காட் பிறந்ததும் அதே நவம்பர் 29, 1799-ல். தாயார் அபிகெயில். மூத்தவள் ஆனா, அடுத்து லூயிஸா, பிறகு எலிசபெத், கடைக்குட்டி மே. ஆண் குழந்தை தங்கவில்லை.

தந்தை சாதாரண மனிதர் அல்ல. குழந்தைகளை அடிக்காமல், கேள்வி கேட்டுக் கேட்டே கற்பிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர். 1834-ல் பாஸ்டனில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே நடந்த மத சம்பந்தமான உரையாடல்களைப் புத்தகமாக வெளியிட்டதும் பெற்றோர்கள் கொதித்துப் போய்க் குழந்தைகளை நிறுத்திக்கொண்டார்கள். பின்னர் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்துக்கொண்டதால் மிச்சமிருந்தவர்களும் போய்விட்டார்கள். சிறுமியை அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. பள்ளியை மூடினார். கொள்கைக்காக நஷ்டப்படுவது அவருக்கு இயல்பாக வந்தது. அந்த நஷ்டத்தை யார் தாங்கினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1840-ல் குடும்பம் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கான்கார்ட் ஊருக்குக் குடிபோயிற்று. சிறிய ஊர், ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் எமர்சன், தோரோ, பிற்பாடு ஹாதோர்ன். எமர்சன் பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1845-ல் வாங்கிப் படித்தார். 1785-ல் சார்ல்ஸ் வில்கின்ஸ் செய்த மொழிபெயர்ப்பு அது. தோரோவும் பிரான்சனும் அதைப் படித்தார்கள். எட்வின் ஆர்னால்டின் புத்தர் காவியம் ‘லைட் ஆஃப் ஏஷியா’ 1879-ல் வெளிவந்தபோது அதை அமெரிக்காவில் பதிப்பிக்க முன்னின்றவர்களில் ஒருவரும் இந்தப் பிரான்சன்தான். நம் நாட்டு ஞானத்தின் வாசனை அந்த வீட்டுக்குள் வந்திருந்தது. அரிசிப் பானையில்தான் ஒன்றும் இருக்கவில்லை.

லூயிஸாவுக்கு 10 வயதாக இருக்கும்போது, 1843 ஜூனில், தந்தையும் சார்ல்ஸ் லேன் என்ற ஆங்கிலேய நண்பரும் சேர்ந்து ‘ஃப்ரூட்லேண்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு பண்ணை வாழ்க்கையைத் தொடங்கினார்கள். மாமிசம் கிடையாது. அதோடு பால், வெண்ணெய், முட்டை, தேன், டீ, காபி எதுவும் கிடையாது. அடிமைகள் விளைவித்தது என்பதால் பருத்தி ஆகாது. ஆட்டுக்குச் சொந்தமானது என்பதால் கம்பளி ஆகாது. குளிர் நாட்டில் லினன் அங்கி மட்டும்! நம்மாத்துப் பெரியவர்களின் மடி ஆசாரம் இதற்கு முன் எம்மாத்திரம் என்று படிக்கும்போது எனக்குத் தோன்றியது. நம் மடி சமையலில் பாலும் நெய்யுமாவது உண்டு. மிருகங்களை வேலை வாங்கக் கூடாது என்று மண்ணைக் கையாலேயே கொத்தப் பார்த்தார்கள். அறுவடை நேரத்தில் ஆண்கள் கொள்கைப் பிரசாரத்துக்குக் கிளம்பிப் போய்விட, புயல் வருவதற்குள் தானியத்தைக் கூடைகளிலும் துணிகளிலும் அள்ளி உள்ளே சேர்த்தது அபிகெயிலும் குழந்தைகளும். ஏழே மாதங்களில், கடும் குளிரில், பண்ணை கலைந்தது. குடும்பத்தை விட்டுப் பிரிந்து வாழ்வதா என்ற பேச்சு பெரியவர்களிடையே நடந்ததை அந்தப் பத்து வயதுப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடங்கள் கழித்து, 1873-ல், இந்த அனுபவத்தை நகைச்சுவைக் கட்டுரையாக எழுதினார். சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். அபிகெயில் சிரித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அதன் பிறகு குடும்பம் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தது. பாஸ்டனில் தாயார் ஏழைகளுக்கு உதவும் பணியிலும், பின்பு வேலைக்காரப் பெண்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் அலுவலகம் நடத்தியும் சம்பாதித்தார். ஆனாவும் லூயிஸாவும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1851-ல் லூயிஸா டெடம் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குத் துணையாக இருக்கப் போனார். துணை என்று சொல்லி அழைத்தவர்கள் கரி அள்ளவும் பனியைத் தள்ளவும் வைத்தார்கள். ஏழு வாரம் கழித்துக் கொடுத்த கூலி 4 டாலர். வீட்டில் அந்தப் பணத்தைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1854-ல் தந்தை மேற்கு மாகாணங்களில் சொற்பொழிவு யாத்திரை முடித்து நள்ளிரவில் வீடு திரும்பினார். எவ்வளவு கிடைத்தது என்று கேட்டபோது பையிலிருந்து எடுத்தது ஒரே ஒரு டாலர். லூயிஸா இதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தந்தையைக் குறை சொல்லவில்லை. தாயார் அவரை அணைத்துக்கொண்டதைத்தான் எழுதினார். ஆனாலும் இனி இந்த வீட்டுக்குச் சம்பாதிக்கும் பிள்ளை தான்தான் என்று அவர் முடிவு செய்தது இந்தக் காலத்தில்தான்.

முதல் கவிதை 1851-ல் புனைபெயரில் வெளிவந்தது. முதல் கதை 1852-ல் அச்சேறியபோது வந்த வருமானம் 5 டாலர். எமர்சனின் மகள் எல்லனுக்குச் சொன்ன தேவதைக் கதைகள் 1854-ல் ‘ஃப்ளவர் ஃபேபிள்ஸ்’ என்று முதல் புத்தகமாயின. அதில் கிடைத்தது சுமார் 32 டாலர். இந்த நாட்களில் ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பாஸ்டன் பதிப்பாளர், இவர் கொடுத்த கதையைத் திருப்பித் தந்து, எழுத்து உனக்கு வராது, பள்ளிக்கூட வேலையையே பார் என்று அறிவுரை சொன்னார். 1862-ல் அவரே குழந்தைகள் பள்ளி ஒன்று தொடங்க 40 டாலர் கடனும் கொடுத்தார். பள்ளி நடக்கவில்லை. பின்னாளில் எழுத்தில் பணம் வந்ததும் லூயிஸா அந்த 40 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். கடனோடு அந்த அறிவுரையும் தீர்ந்தது.

இதற்கிடையே வீட்டில் இழப்புகள். ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு உதவப் போன இடத்தில் தொற்றிய விஷக் காய்ச்சலால் நலிந்து, தங்கை எலிசபெத் 1858 மார்ச்சில் 22 வயதில் இறந்தாள். நாவலில் வரும் பெத் இவள்தான். அந்த ஆண்டே குடும்பம் ‘ஆர்ச்சர்ட் ஹவுஸ்’ என்ற வீட்டில் குடியேறியது. 1860-ல் ஆனாவுக்குக் கல்யாணமாயிற்று. வீட்டில் மிச்சம் வயதான பெற்றோர், ஓவியம் கற்க ஆசைப்படும் கடைசித் தங்கை, லூயிஸா.

உள்நாட்டுப் போர் வந்தது. 30 வயது நிரம்பியதும் லூயிஸா நர்ஸாகப் பெயர் கொடுத்தார். 1862 டிசம்பரில் வாஷிங்டனை ஒட்டிய ஜார்ஜ்டவுனில், ஹோட்டலாக இருந்து ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்ட கட்டடத்தில் வேலை. ஃப்ரெடரிக்ஸ்பர்க் போரில் அடிபட்டவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். காயம் துடைப்பது, கடிதம் எழுதிக் கொடுப்பது, சாகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் செய்தார். ஆறு வாரம்கூட முழுதாகத் தாங்கவில்லை. டைபாய்டும் நிமோனியாவும் சேர்ந்து தாக்க, தந்தை வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அக்கால வழக்கப்படி அவருக்குக் கொடுத்த மருந்து பாதரசம் கலந்த கேலமல். அதன் பிறகு சாகும்வரை அவருடைய உடம்பு பழையபடி ஆகவில்லை. பாதரசமே காரணம் என்று அவர் நம்பினார். 2007-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அவருடைய நோய்க் குறிகளையெல்லாம் ஆராய்ந்து, லூபஸ் என்ற நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வைத்து 1863-ல் ‘ஹாஸ்பிடல் ஸ்கெட்சஸ்’ வெளிவந்தது. அதுதான் எழுத்தாளராக அவருக்கு முதல் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதே சமயத்தில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு வியாபாரமும் நடந்தது. பழிவாங்கும் பெண்கள், மாறுவேடம், விஷம், அபின் என்று விறுவிறுப்பான மர்மக் கதைகளைப் பெயரில்லாமலும், ‘ஏ. எம். பர்னார்ட்’ என்ற பெயரிலும் வாரப் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஒரு கதைக்கு 100 டாலர் பரிசு கிடைத்தது. வாடகைக்கும் கரிக்கும் இந்தக் கதைகள்தான் படியளந்தன. ‘லிட்டில் விமன்’ நாவலில் ஜோ இதே மாதிரி கதைகளை எழுதிவிட்டு, பேராசிரியர் பேயர் முகம் சுளிப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு எரித்துவிடுகிறாள். நிஜ ஜோ எரிக்கவில்லை, காசாக்கினாள். இந்த ரகசியம் அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிவரவில்லை. நியூயார்க்கின் பழைய புத்தக வணிகர்களான லியோனா ரோஸ்டன்பர்க், மேடலீன் ஸ்டெர்ன் என்ற இரு தோழியர்தான் கண்டுபிடித்தார்கள். ஹார்வர்ட் நூலகத்தில் கிடைத்த பதிப்பாளரின் கடிதங்களை வைத்து ரோஸ்டன்பர்க் 1943-ல் இதை எழுதினார். ஸ்டெர்ன் 1975-ல் அந்தக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

இனி அந்தப் பெரிய புத்தகத்துக்கு வருவோம். 1867-ல் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தின் தாமஸ் நைல்ஸ், வளரும் பெண்களுக்காக ஒரு கதை எழுதுங்கள் என்று கேட்டார். லூயிஸாவுக்கு விருப்பமில்லை. தன் சகோதரிகளைத் தவிர வேறு பெண்களோடு பழகியதில்லை, பெண் குழந்தைகளை அவ்வளவாகப் பிடிக்கவும் பிடிக்காது என்று நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார். ‘மெர்ரீஸ் மியூசியம்’ என்ற சிறுவர் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு வருடத்துக்கு 500 டாலருக்கு வந்தது, அதை ஏற்றுக்கொண்டு இதைத் தள்ளிப் போட்டார். ஆனால் தந்தையும் தம் தத்துவ நூலை அதே நிறுவனத்தில் வெளியிட ஆசைப்பட்டார். மகள் கதை எழுதினால் தந்தையின் புத்தகமும் வரும் என்ற நிலைமை. மறுக்க முடியுமா?

1868 மே மாதம் உட்கார்ந்தார். தந்தை தம் கையாலேயே இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே அரைவட்டப் பலகை ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தார். அதுதான் மேஜை. ஜூலை பாதிக்குள் 402 பக்கம் முடிந்தது. முதல் அத்தியாயங்களைப் படித்த நைல்ஸுக்குச் சப்பென்று இருந்தது. எழுதியவருக்கும் அப்படியே. நைல்ஸ் தம் உறவுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் பார்த்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்து, அழுது, ஒரே மூச்சில் முடித்தாள். புத்தகம் பிழைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் வெளிவந்தது. முதல் 2,000 பிரதிகள் சீக்கிரமே தீர்ந்தன.

கணக்குக்காரியான எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு உரிமையை விற்றுவிடலாம், அல்லது 100-க்கு 6.66 வீதம் ராயல்டி வாங்கலாம் என்று இரண்டு வழி இருந்தது. காசுக்கு அவ்வளவு முடை. யாராக இருந்தாலும் கையில் வருவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். உரிமையை விடாதீர்கள் என்று சொன்னது பதிப்பாளரான நைல்ஸேதான்! லூயிஸா கேட்டுக்கொண்டார். அந்த நேர்மையைக் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். பல லட்சம் பிரதி விற்கும் நூல்களை ஆரம்பத்தில் சொற்பத் தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கைபிசைந்த எழுத்தாளர்கள் எந்த நாட்டில் இல்லை?

இரண்டாம் பாகத்தை நவம்பர் 1-ம் தேதி தொடங்கினார். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்து, புத்தாண்டன்று முடித்தார். ஜோவுக்கு யாரோடு கல்யாணம் என்று கேட்டு ஊரெங்கும் இருந்து சிறுமிகளின் கடிதங்கள். பக்கத்து வீட்டு லாரிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஜோ தன்னைப் போலவே கல்யாணம் செய்துகொள்ளாமல் எழுத்தாளராக இருக்க வேண்டும் என்பது லூயிஸாவின் எண்ணம். வாசகர்கள் விடவில்லை. வீம்புக்காகவே வயதான, ஏழையான ஜெர்மன் பேராசிரியரைக் கொண்டுவந்து ஜோவுக்கு மணமுடித்து வைத்தார். எனக்கு அந்தப் பேராசிரியரைப் பிடிக்கும். என் மகளுக்கு இன்றுவரை கோபம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாவலில் தந்தை போருக்குப் போயிருக்கிறார், அம்மாவும் பெண்களும் வீட்டில் சமாளிக்கிறார்கள். நிஜத்தில் தந்தை வீட்டில் இருந்தார், போருக்குப் போனது பெண். குடும்பத் தலைவர் ஏன் சம்பாதிக்கவில்லை என்ற கேள்வியே எழாதபடி அவரைக் கௌரவமாகக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1974-ல் பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ வந்தபோது நம் வீடுகளில் பலர் வாய்விட்டுப் பேசாமல் படம் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கவிதா இருந்தாள். அவளுடைய சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பும் தங்கையின் கல்யாணமும் நடந்தன. லூயிஸா சொந்தக் கவிதாவைப் பற்றி எழுதும்போதுகூட அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை.

1869-ல் வீட்டுக் கடன் முழுவதையும் அடைத்தார். கேட்பதையே விட்டுவிட்ட பழைய டாக்டர் பில்கள்கூடத் தீர்ந்தன. அதன் பிறகு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1870-ல் ‘ஆன் ஓல்ட் ஃபேஷன்ட் கேர்ள்’. அந்த வருடம் மேயை அழைத்துக்கொண்டு ஐரோப்பா போனார். ஆனாவின் கணவர் நவம்பரில் இறந்துபோன செய்தி அங்கே வந்தது. அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கு வழி செய்ய வேண்டும் என்று ரோம் நகரிலேயே உட்கார்ந்து ‘லிட்டில் மென்’ எழுதினார். அடுத்த நாவலான ‘வொர்க்’ 1873-ல் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று பிரதிகள் கிடைக்க வேண்டும் என்று கனமான தாள்களின் மேல் அழுத்தி அழுத்தி எழுதியதில் வலது கட்டை விரல் செயலிழந்தது. என்ன செய்தார் தெரியுமா? இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார்.

‘எய்ட் கசின்ஸ்’ 1875, ‘ரோஸ் இன் ப்ளூம்’ 1876, ‘அண்டர் தி லைலாக்ஸ்’ 1878, ‘ஜாக் அண்ட் ஜில்’ 1880 என்று பட்டியல் நீள்கிறது. இன்று பதிப்பாளர்கள் ‘யங் அடல்ட்’ என்று தனி அலமாரி வைத்து விற்கும் வகைக்கு இவை முன்னோடி. ஆனால் எழுதியவருக்கு அதில் மனம் நிறையவில்லை. பெரியவர்களுக்கு ஆழமான நாவல் எழுதவே ஆசைப்பட்டார். அப்படி எழுதிய ‘மூட்ஸ்’ 1864-ல் பெரிதாகப் போகவில்லை. இளையோருக்கான நீதிக் கதைகள் எழுதுவதை அவரே நாட்குறிப்பில் ஏளனமாகப் பேசியிருக்கிறார். ஆனால் அதற்குத்தான் பணம் வந்தது, பணம் வருவதைத்தான் எழுதினார். இது அவருக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

1877-ல் தாயார் காலமானார். 1879-ல் மாசசூசெட்ஸில் பள்ளிக் குழுத் தேர்தலில் பெண்களும் வாக்களிக்கலாம் என்று சட்டம் வந்ததும், கான்கார்டில் முதலாவதாகப் பெயர் பதிந்த பெண் லூயிஸா. 1880 மார்ச் 29-ம் தேதி ஊர்க் கூட்டத்தில் 20 பெண்கள் வாக்களித்தார்கள். மற்றப் பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்தபோது, பலர் அடுப்பங்கரையை விட்டு அசையவில்லை என்று அவருக்கு எரிச்சல்.

தங்கை மே அக்கா அனுப்பிய பணத்தில் ஐரோப்பாவில் ஓவியம் கற்று, பாரிஸ் கண்காட்சியில் இடம் பிடித்து, ஒரு சுவிஸ் நாட்டவரை மணந்தாள். 1879 நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது, அடுத்த மாதமே மே இறந்தாள். குழந்தையை அக்காவிடம் சேர்க்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். பத்து மாதக் குழந்தை கப்பலில் வந்து இறங்கியது. அதற்கும் பெயர் லூயிஸா மே, செல்லமாக லூலூ. 47 வயதில், கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர் கைக்குழந்தைக்குத் தாயானார்.

1882-ல் தந்தைக்குப் பக்கவாதம். அவரையும் பார்த்துக்கொண்டு, குழந்தையையும் வளர்த்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இவ்வளவு நேரத்துக்கு மேல் எழுதக் கூடாது என்ற டாக்டர் உத்தரவுக்குள் சிறுகச் சிறுக எழுதிய ‘ஜோஸ் பாய்ஸ்’ 1886-ல் வந்தது. அதுவே கடைசி நாவல். கடைசி நாட்களை பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் ஒரு பெண் டாக்டரின் இல்லத்தில் கழித்தார்.

உடம்பு போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. தன் காலத்துக்குப் பிறகும் புத்தகங்களின் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டுமானால் சட்டப்படி வாரிசு வேண்டும். ஆகவே ஆனாவின் இளைய மகன் ஜானை 1887-ல் சட்டப்படி தத்து எடுத்துக்கொண்டார். ராயல்டி அவனிடம் வந்து, அதிலிருந்து ஆனாவுக்கும் மற்றவர்களுக்கும் பங்கு போகும்படி ஏற்பாடு.

1888 மார்ச் 1-ம் தேதி தந்தையைப் பார்க்கப் போனார். மார்ச் 4-ம் தேதி பிரான்சன் இறந்தார். அந்தச் செய்தி மகளை எட்டவில்லை, அவர் நினைவிழந்திருந்தார். மார்ச் 6-ம் தேதி அதிகாலை லூயிஸா காலமானார். வயது 55. கான்கார்டின் ஸ்லீப்பி ஹாலோ மயானத்தில் பெற்றோரோடும் எலிசபெத்தோடும் அடக்கம். எமர்சன், தோரோ, ஹாதோர்ன் ஆகியோரும் அதே மேட்டில் இருக்கிறார்கள். ஆர்ச்சர்ட் ஹவுஸ் 1912-ல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. ‘லிட்டில் விமன்’ 1933, 1949, 1994, 2019 ஆண்டுகளில் திரைப்படமாயிற்று. ஜோ தன் புத்தகத்தின் உரிமைக்காகப் பதிப்பாளரிடம் பேரம் பேசும் காட்சி 2019 படத்தில் இருக்கிறது.

லூலூவை 1889-ல் சுவிட்சர்லாந்திலிருந்த தகப்பனாரிடம் அனுப்பிவைத்தார்கள். அவள் அங்கேயே வளர்ந்து, நெடுநாள் வாழ்ந்து, 1975-ல் மறைந்தாள்.